ஏ.சி. அறையில் கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைத்தால் கரண்ட் பில் குறையுமா?

கேள்வி இதுதான்: வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு. 10-க்கு 12 அடி படுக்கையறை, ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. 22-ல் வைத்தாலும் அறை சில்லென்று ஆகிறதே தவிர பிசுபிசுப்பு போகவில்லை. கோடையில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிரெல்லாம் வெளியே போகிறது, ஐந்து ஜன்னல்களையும் யு.பி.வி.சி. எனும் கெட்டிப் பிளாஸ்டிக் சட்ட ஜன்னல்களாக மாற்ற 60,000 ரூபாய் ஆகும் என்று ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். மாற்றலாமா, இருக்கிற இடுக்குகளை அடைத்தாலே போதுமா?

ஜன்னலை இப்போதைக்கு மாற்றாதீர்கள். முதலில் அறைக் கதவின் அடியைக் குனிந்து பாருங்கள். ஏ.சி. வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். "கேஸ் குறைஞ்சிருச்சு போல, வந்து பாருங்க" என்று கூப்பிட்ட பல வீடுகளில் கேஸ் அப்படியேதான் இருந்தது. மெஷின் பாவம், மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கும். கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும்.

இடுக்கு அடைப்பது பற்றி யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் பெரும்பாலும் கனடா, இங்கிலாந்து மாதிரிக் குளிர் நாட்டுக்காரர்கள் சொல்வது. ஜன்னலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டி முறுக்கேற்றுகிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. அங்கே இடுக்கு வழியாக உள்ளே வருவது குளிர்ந்த, வறண்ட காற்று. உறைபனிக்கும் கீழே 10 டிகிரி இருக்கும் நாளில் ஒரு கிலோ காற்றில் இரண்டு கிராம் தண்ணீர்கூட நிற்காது. சென்னையில் மே மாத ராத்திரி 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஒரு கிலோ காற்றில் 21 கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். உங்கள் அறையை 25 டிகிரி, 55 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டுமானால் அதில் பாதியை, கிலோவுக்குச் சுமார் 10 கிராமை, ஏ.சி. பிழிந்து எடுத்தாக வேண்டும்.

அதாவது உங்கள் இடுக்கு வழியாகக் குளிர் வெளியே போவது அவ்வளவு பெரிய நஷ்டமில்லை. தண்ணீர் உள்ளே வருகிறது, அதுதான் நஷ்டம். மேலே சொன்ன ராத்திரிக்குக் கணக்குப் போட்டால், உள்ளே நுழையும் காற்றை 30-லிருந்து 25 டிகிரிக்குக் குளிர வைக்க ஆகும் வேலை ஒரு பங்கு, அதிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக மாற்றி வெளியேற்ற ஆகும் வேலை ஐந்து பங்கு. இது தெரியாமல் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் "வெளியே 30, உள்ளே 25, அஞ்சு டிகிரிதானே வித்தியாசம், சின்ன இடுக்கு என்ன செய்துவிடும்" என்றுதான் தோன்றும்.

உங்கள் அறை அளவுக்கே கணக்கைக் கொண்டுவருவோம். 10-க்கு 12, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி, ஏறத்தாழ 34 கன மீட்டர். இவ்வளவு காற்றும் ஒரு மணி நேரத்தில் ஒரு முறை வெளியே போய்ப் புதுக் காற்று வந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் 400 கிராம் தண்ணீர் கூடுதலாக உள்ளே வந்துவிடும். எட்டு மணி நேரம் தூங்கி எழுவதற்குள் மூன்று லிட்டருக்கு மேல். வெப்பச் சுமையாகப் பார்த்தால் 350 வாட். ஒரு டன் ஏ.சி.யின் மொத்தத் திறனே 3,500 வாட்தான், அதில் பத்தில் ஒரு பங்கு இந்தக் காற்றுக்கே போய்விடுகிறது. நல்ல ஏ.சி. ஒரு பங்கு கரண்டுக்கு மூன்றரைப் பங்கு வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்தால் இது 100 வாட் கரண்ட். ராத்திரிக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல், இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். இது காற்று மணிக்கு ஒரு முறை மட்டும் மாறினால். இடுக்குகள் நிறைந்த அறையில் இரண்டு, மூன்று முறைகூட மாறும்.

48 யூனிட் பிரமாதமா என்று கேட்கலாம். நீங்கள் 500-ஐத் தாண்டிய ஆள். தமிழ்நாட்டில் இரு மாதக் கணக்கில் அந்தக் கோட்டைத் தாண்டினால் மேலே போகும் யூனிட்டுகளின் விலையும் ஏறும், கீழ் அடுக்கில் கிடைத்துக்கொண்டிருந்த சலுகையும் குறையும். 540-ல் நிற்கிறவருக்கு 48 யூனிட் மிச்சமாவதும் 900-ல் நிற்கிறவருக்கு மிச்சமாவதும் ஒன்றல்ல. உங்கள் பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். கோட்டை ஒட்டித்தான் நிற்கிறீர்கள் என்றால் இந்த வேலைக்கு மதிப்பு இரட்டிப்பு.

22-ல் வைத்தும் ஏன் பிசுபிசுப்பு போகவில்லை? இன்வெர்ட்டர் ஏ.சி. வைத்த அளவை நெருங்கியதும் கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் உள்ளே காற்றைக் குளிர வைக்கும் காயிலின் குளிர்ச்சி கொஞ்சம் தணியும், தண்ணீர் பிடிப்பதும் குறையும். ஆனால் இடுக்கு வழியாக ஈரம் வருவது நிற்கவில்லையே. ஆக அறை குளிர்ந்திருக்கும், ஈரமாகவும் இருக்கும், பொந்துக்குள் இருப்பது மாதிரி. நாம் என்ன செய்கிறோம், ரிமோட்டை எடுத்து 20 ஆக்குகிறோம். சுவர் இன்னும் குளிர்ந்து, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கிறது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து விற்கும் ஸ்டார் ஏ.சி.களெல்லாம் ஆன் செய்ததும் 24-ல் தொடங்குவதும் அவர்கள் போட்ட விதியால்தான். இடுக்கை அடைத்தால் கிடைக்கும் நேரடி லாபத்தைவிட இந்த வழியில் கிடைக்கும் லாபம் பெரிது என்பேன். அறை உலர்ந்தால் 26-ல் வைத்து மெதுவாக ஃபேன் போட்டுப் படுக்க முடியும். ஈரமான அறையில் 26 என்றால் வீட்டில் சண்டைதான் வரும்.

சரி, இடுக்கு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு ஹால் விளக்கைப் போட்டு, கதவைச் சுற்றி வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். அப்புறம் ஊதுவத்தி. ஏ.சி.யை அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு, கதவின் அடியில் ஊதுவத்தியைக் காட்டினால் புகை வெளிப்பக்கம் இழுபடும். கதவின் தலைப்பக்கம், ஜன்னலின் மேல்பக்கம் காட்டினால் புகை உள்ளே தள்ளப்படும். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கி அடிவழியாக ஒழுகும். அது காலி செய்த இடத்துக்கு மேலே இருந்து புழுக்கம் உள்ளே வரும். குளிர் நாட்டு வீட்டில் இது அப்படியே தலைகீழ். சூடான காற்று மேலே போய் வெளியேறும், அடியில் குளிர் நுழையும். அதனால்தான் அவர்கள் பரண் பக்கம் அடைப்பதைப் பற்றி அவ்வளவு பேசுகிறார்கள். நமக்கு ராத்திரி ஹாலில் வெறுங்காலோடு படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்றாலே போதும், கணுக்கால் சொல்லிவிடும்.

கதவடிதான் முதல் குற்றவாளி என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வீடுகளில் நிலை என்றால் நான்கு சட்டமும் இருக்கும். அடிச்சட்டத்தைத் தாண்டித்தான் உள்ளே போவோம், கதவு அதில் மோதி நிற்கும். இப்போது அடுக்குமாடி வீடுகளில் உள்ளறை நிலைகளுக்கு மூன்று பக்கம்தான். அடியில் டைல்ஸ் ஒரே மட்டமாக ஓடுகிறது. கால் தடுக்காது, பெருக்கவும் துடைக்கவும் வசதி, வயதானவர்களுக்கு நல்லது. ஆனால் கதவுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் திறந்தே கிடக்கும். மூன்றடிக் கதவுக்கு அடியில் 14 மில்லிமீட்டர் இடைவெளி என்பது மொத்தத்தில் ஒரு அஞ்சலட்டை அளவு ஓட்டை. சுவரில் அஞ்சலட்டை அளவுக்கு ஓட்டை இருந்தால் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டிருப்போம்.

பக்கவாட்டு இடுக்குக்கு வேறு கதை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் மரக்கதவு உப்பி நிலையில் பிடிக்கும். எரிச்சலில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்வோம். அவரும் இழைத்துக் கொடுப்பார். சித்திரை வந்ததும் மரம் காய்ந்து சுருங்க, இழைத்த பக்கம் வாயைத் திறக்கும். என் வீட்டிலும் இப்படி ஒரு கதவு இருக்கிறது, இழைக்கச் சொன்னது நானேதான். இதற்கு மறுபக்கமும் உண்டு: மே மாதத்தில் அளவெடுத்துத் தடித்த ரப்பர் பட்டையை ஒட்டினால் நவம்பரில் கதவு சாத்தாது. மரக்கதவுக்குச் சற்று மெல்லிய, உள்ளே குழல் மாதிரி வெற்றிடம் இருக்கிற ரப்பர் பீடிங்காகப் பார்த்து வாங்குங்கள். அது அமுங்கிக் கொடுக்கும்.

கதவடிக்குப் புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் ஒரு பழைய வேட்டியைச் சுருட்டி இரண்டு ராத்திரி வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கதவுக்கு இரண்டு பக்கமும் நுரைக்குழல் வைத்து அடியில் செருகும் உறையை வாங்குங்கள், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கதவோடு சேர்ந்தே நகரும், வேட்டியை தினமும் குனிந்து வைக்க வேண்டியதில்லை. தரை துடைத்த ஈரம் பட்டுப்பட்டு அதன் துணி நாறும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றித் துவையுங்கள். துடைப்பம் மாதிரி நார் வைத்த அலுமினியப் பட்டையைக் கதவடியில் திருகி விடுவது இன்னும் உறுதி. சிலிக்கான் நாக்கு வைத்து ஒட்டும் பட்டைகள் டைல்ஸ் ஏற்ற இறக்கத்தில் சிக்கி ஓரிரு மாதத்தில் கிழிவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த ஜன்னல். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் என்று வைத்துப் பேசுகிறேன். அதில் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று வராது. இரண்டு கதவுகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்திலும், தண்டவாளத்தில் ஓடும் மேல் கீழ் விளிம்பிலும்தான் வரும். அங்கே மயிர் மாதிரி ஒரு பிரஷ் பட்டை இருக்க வேண்டும். ஐந்தாறு வருடத்தில் தூசி ஏறித் தேய்ந்து, உதிர்ந்து, இருந்த தடமே தெரியாது. அலுமினிய வேலை செய்கிற கடைகளில் அதை மீட்டர் கணக்கில் விற்பார்கள். ஜன்னல் கதவைக் கழற்றி, பழையதை உருவிவிட்டுப் புதியதைக் காடியில் செருகினால் ஒரு ஜன்னலுக்கு அரை மணி நேர வேலை. ஜன்னலையே மாற்றச் சொல்கிறவர் இதைச் சொல்ல மாட்டார், அவர் பிழைப்பு அது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கீழ்த் தண்டவாளத்தில் வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அது மழைத்தண்ணீர் வடிவதற்கு. ஆர்வக் கோளாறில் சிலிக்கானை அதிலும் பிதுக்கிவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தண்டவாளத்தில் நிரம்பி அறைக்குள் வழியும். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் மெத்தையே நனைந்தது.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் இருந்தால் அங்கே சிலிக்கான் பூசலாம், பெயின்ட் அடிக்க வேண்டிய இடமென்றால் அக்ரிலிக். சிலிக்கான்மேல் பெயின்ட் ஒட்டாது. வினிகர் வாடை வருகிற வகை மலிவு, கண்ணாடிக்குப் பரவாயில்லை. கிரானைட், மார்பிள் பக்கம் வேண்டாம், கறை விடும்; நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பூசிய பிறகு ஒரு நாள் ஆறவிட்டு அப்புறம் ஏ.சி. போடுங்கள்.

எல்லோரும் மறக்கிற இடம் ஏ.சி.யின் செப்புக் குழாய் போகிற துளை. உட்புற யூனிட்டுக்குப் பின்னால் மூன்று அங்குலத் துளை போட்டு, குழாயை விட்டு, மிச்சத்தில் கொஞ்சம் துணியையோ பட்டிப் பசையையோ திணித்துவிட்டுப் போயிருப்பார்கள். நானே ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான். ஏ.சி.க்குப் பின்னாலிருந்து பல்லி வருகிறது, எறும்பு வரிசை வருகிறது என்றால் காற்றும் வருகிறது என்று அர்த்தம். ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் தீர்ந்தது. ஆனால் அது பொங்கி இரண்டு மடங்குக்கு மேல் வரும், பாதி அளவோடு கையை எடுத்துவிடுங்கள். வெளிப்பக்கம் வெயில் பட்டால் பொடியாகிவிடும், மேலே வெள்ளை சிமென்ட் பூசுங்கள். விண்டோ ஏ.சி. வைத்திருப்பவர்கள், முகப்பில் வெண்ட் என்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வருடக்கணக்கில் திறந்தே இருக்கும்.

அறையோடு ஒட்டிய குளியலறை இருந்தால் அதன் கதவும் கணக்கில் வரும். உள்ளே வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் சாய்ந்து திறந்திருக்கும், அதை மூடவே முடியாது, மூடவும் கூடாது. அதனால் குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனை ராத்திரி முழுக்க ஓடவிடாதீர்கள். சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன்கூட மணிக்குப் பல முறை அறைக் காற்றையே மொத்தமாக வெளியே தள்ளிவிடும். அதை ஓடவிட்டு ஜன்னலுக்கு பீடிங் ஒட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

பலன் இருக்கிறதா என்று அளக்க மீட்டர் வேண்டாம், பக்கெட் போதும். ஏ.சி.யின் டிரெய்ன் பைப்புக்கு அடியில் ராத்திரி பக்கெட்டை வைத்து, காலையில் தண்ணீரை அளந்து எழுதுங்கள். மூன்று ராத்திரி இடுக்கோடு, மூன்று ராத்திரி அடைத்த பிறகு, ஒரே செட்டிங்கில். இடையில் மழை பெய்தால் மறுபடி எடுங்கள். இரண்டு பேர் மூச்சிலும் வியர்வையிலுமே முக்கால் லிட்டர் வரும், அது எப்போதும் இருக்கும். மிச்சமெல்லாம் வெளியிலிருந்து வந்த ஈரம். ஒரு லிட்டர் தண்ணீரைப் பிழிய ஏ.சி.க்குச் சுமார் 0.2 யூனிட் ஆகிறது. என் வீட்டில் ஏழு லிட்டர் நாலரையாகக் குறைந்தது. அந்த இரண்டரை லிட்டருக்கு அரை யூனிட், கூடவே வரும் சூட்டுக்குக் கொஞ்சம். இரண்டு மாதத்துக்கு 35 யூனிட் பக்கம். செலவு 1,200 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் 24-லிருந்து 26-க்கு மாறினோம், அதில் மிச்சமானது தனி.

அதற்காக டப்பா மாதிரி மூடிவிடவும் கூடாது. தூங்கும் இரண்டு பேர் மணிக்கு 25 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு விடுகிறார்கள். முழுக்க அடைத்த 34 கன மீட்டர் அறையில் அது மணிக்கு 700 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 700 பங்கு) வீதம் ஏறும். வெளியே இருப்பதே 400 சொச்சம்தான். காலையில் தலை கனமாக எழுந்திருப்பீர்கள். மணிக்கு ஒரு முறை காற்று மாறுவது மோசமில்லை, மூன்றை ஒன்றாக்குவதுதான் நம் வேலை. நாம் வீட்டில் செய்கிற அடைப்பு எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்பதால் பயப்பட வேண்டாம், படுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து மூடுங்கள். ஆனால் அடைத்த அறையில் கொசுவத்திச் சுருள் கொளுத்தவே கூடாது. கேஸ் கீசர் இருக்கும் குளியலறையில் வென்டிலேட்டரை அடைப்பது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. சமையலறையையும் விட்டுவிடுங்கள். ஹால், ஏ.சி. இல்லாத அறைகள் எதையும் அடைக்காதீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்தால் அது புக வழி வேண்டும். ஐந்து ஜன்னல்களையும் மாற்றுவதில் எனக்கு இருக்கிற முதல் ஆட்சேபணையே இதுதான், உங்களுக்கு ஏ.சி. ஒரு அறையில்தானே இருக்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. எத்தனையாவது மாடி? மொட்டை மாடிக்கு நேர் கீழே என்றால் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உங்கள் தலைக்கு மேலிருந்து சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அப்போது இடுக்கு வேலையை முடித்த கையோடு, ஜன்னலுக்கு வைத்த காசில் மாடித் தரைக்கு வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சோ வெள்ளை டைல்ஸோ போடுவது பற்றி அசோசியேஷனில் பேசுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் சாயங்கால வெயில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் 500 வாட்டுக்கு மேல் கொட்டும், உள்ளே போடும் திரை அதில் கொஞ்சத்தைத்தான் தடுக்கும். வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள், அசோசியேஷன் ஒத்துக்கொண்டால்.